கடைசியில நடக்குறவன்

மடம்னதும் கோபுரம், யானை, வெள்ளித் தட்டுன்னு நெனப்பு போயிறக் கூடாது. ஊசிமலை அடிவாரத்துல ஓடு போட்ட ஒரு கட்டடம். பின்னாடி நாலு வாழை. முன்னாடி ஒரு குழாய், அதுல தண்ணி வந்ததைப் பாத்தவங்க யாரும் இப்ப உசுரோட இல்ல. அம்புட்டுதான் மடம்.

அதுக்குத் தலைமை மரகதக்கா. வயசு முப்பத்தஞ்சு இருக்கும். பழைய சாமியார் கண்ண மூடுறப்ப, "இனிமே மரகதம் பாத்துக்குவா"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. அன்னைல இருந்து பல்லு போன கெழவனுக்கும் அது அக்காதான்.

மொக்கராசு அங்க சிஷ்யனாச் சேந்து மூணு வருசம் ஆச்சு. ஆளுக்கு நாப்பது வயசு. முன்ன தக்காளி லோடு லாரி ஓட்டுனான். முன்னால எவன் மெதுவாப் போனாலும் அவனுக்கு ஆகாது. டிராக்டர்காரன், மாட்டுவண்டிக்காரன், சாமி ஊர்வலம், பொணம் தூக்கிட்டுப் போறவன், எவனா இருந்தாலும் ஆரன்தான். லாரிய வித்துட்டான். ஆரன் மட்டும் உள்ளுக்குள்ளயே தங்கிப் போச்சு.

கோவம் எந்த அளவுக்குன்னா, தங்கச்சி வீட்டு விருந்துல எல்லாருக்கும் அப்பளம் வெச்சுட்டுத் தனக்கு மட்டும் வைக்கலைன்னு, சாம்பார் ஊத்துன இலையச் சுருட்டி மச்சான் மூஞ்சியில எறிஞ்சுட்டு வந்தவன். மச்சான் பேரு குபேந்திரன். அன்னைக்கு அவரு போட்டிருந்தது வெள்ளச் சட்ட. அதோட ரெண்டு வீட்டுக்கும் போக்குவரத்து அத்துப் போச்சு. அந்த வருத்தத்துலதான் மொக்கராசு மடத்துக்கே வந்தான். வந்தும் என்ன, யாராச்சும் அப்பளம்னு சொன்னா இன்னும் காது செவக்கும்.

ஆனி மாசம். மூணு நாளா விடாத சாரலும் காத்தும். ஒரு சாயங்காலம் ஜீப்காரர் ஒருத்தர் மடத்து வாசல்ல வண்டிய நிப்பாட்டி, தங்கச்சி பஞ்சவர்ணம் சொல்லிவிட்ட சேதியச் சொன்னாரு.

"நாளைக்குப் பாப்பாவுக்கு மொட்ட போட்டுக் காது குத்துறாங்களாம். மலைக்கு அங்கிட்டு, சோலைக்கருப்பு கோயில்ல. எங்க அண்ணன் மடிதான் வேணும்னு தங்கச்சி ஒத்தக் கால்ல நிக்கிது. உச்சிக்கு முன்னாடி நீங்க வந்துரணும். வரலைன்னா உங்க பெரியப்பா மகன் காசிமாயன் மடியில வெச்சுக் குத்திருவோம்னு மச்சான் சொல்லிட்டாரு. அதுக்கு மேல தன்னால பேச முடியாதுன்னு தங்கச்சி அழுகுது."

தாய்மாமன் உசுரோட இருக்கப்ப இன்னொருத்தன் மடியில புள்ள உக்காந்துச்சுன்னா, ஊரப் பொறுத்தமட்டும் அந்த மாமன் செத்தாச்சு. அதுவும் காசிமாயன் மடியில. வட்டிக்கு விட்டுச் சம்பாரிச்சு, நாய்ச்சங்கிலி தண்டிக்குக் கழுத்துல தங்கம் போட்டுத் திரியுறவன். சின்ன வயசுலருந்தே மொக்கராசுக்கு அவன் சிரிப்பே ஆகாது.

ஜீப்பு வந்ததோட சரி. அதுக்குப் பின்னாடியே மலைரோட்டுல மண்ணு சரிஞ்சு வழி அடைச்சிருச்சு. இனி நடந்து கணவாயைத் தாண்டுனாத்தான் உண்டு.

"விடிஞ்சதும் நான் ஓடிருவேங்க்கா"ன்னான் மொக்கராசு.

"சீரு?"ன்னுச்சு அக்கா.

"எனக்கு யாரு இருக்கா, சீர் தூக்க? மாமன் போனாப் போதும்."

"தனியாப் போயி நின்னா வழி கேக்க வந்தவன் மாதிரி இருக்காதா? நாங்க வர்றோம்."

பக்கத்துல நின்ன இன்னொரு சிஷ்யன் அய்யாக்கண்ணு முந்திக்கிட்டான். "பின்னாடி வாழையில ஒரு தாரு பழுத்து நிக்கிது. அத நான் தூக்கிக்கிறேன்."

மொக்கராசு அவன் முட்டியப் பாத்தான்.

அய்யாக்கண்ணு இருவது வருசம் பரோட்டாக் கடையில கல்லு முன்னாடி நின்னவன். நல்ல பருமன். நின்னு நின்னு ஒரு முட்டி போயிருச்சு. அவன் தரையில இருந்து எந்திரிக்கிறதுக்குள்ள மத்தவங்க குளிச்சுட்டு வந்துரலாம். அவன் மலை ஏறப் போறானாம், தலையில வாழத்தாரோட.

அந்த மடத்துல மந்திரம் தந்திரம் ஒன்னும் கெடையாது. ஆனா மலையில நடக்குறதுக்கு ஒரு ஒழுங்கு இருந்துச்சு, பழைய சாமியார் காலத்துலருந்து. கூட்டத்துல யாரு ரொம்ப மெதுவோ அவன் முன்னால. அவன் வேகம்தான் எல்லாருக்கும் வேகம். நல்ல காலு உள்ளவன் கடைசி. மேகம் எறங்கிட்டா முன்னால போறவனுக்குப் பின்னால ஒன்னும் தெரியாது. அதனால வளைவுக்கு வளைவு அவன் "இருக்கியா"ன்னு கேப்பான். கடைசி ஆளு "இருக்கேன்"னு சொல்லணும். சத்தம் வந்தா நடக்கலாம். வரலைன்னா நிக்கணும், தேடணும்.

விடியக்காலம் அஞ்சு பேரும் கெளம்பி வாசல்ல நின்னாங்க. மொக்கராசு அக்காகிட்டப் போனான். ராத்திரி பூரா தூங்கல, கண்ணு ரெண்டும் கொவ்வப்பழமா இருந்துச்சு.

"அக்கா, மூணு வருசமாக் கேக்குறேன். எனக்கு இந்தக் கோவம் எப்பத்தான் போகும்?"

அக்கா முந்தானைய இழுத்து இடுப்புல செருகுச்சு. வானத்தைப் பாத்துச்சு.

"கடைசியில நட"ன்னுச்சு.

"அது எப்பவும் சொல்றதுதானக்கா. நான் கேட்டது வேற."

"மழ வலுக்குது, வா."

முன்னால அய்யாக்கண்ணு. வாழத்தார சாக்குல சுத்தி, சும்மாடு கூட்டித் தலையில வெச்சிருந்தான். அவனுக்குப் பின்னாடி மடத்துல சமைக்கிற பாக்கியம்மா, தேங்காயும் வெல்லமும் வெச்ச கூடையோட. அடுத்து மரகதக்கா, பாப்பாவுக்குத் தானே தெச்ச பச்சப் பாவாடைய நனையாம நெஞ்சோட கட்டிக்கிட்டு. அடுத்து தவசி. முன்ன ஊர் ஊரா மைக்செட்டு கட்டுன பய, வெத்தலபாக்குப் பை அவன் தோள்ல. கடைசியா மொக்கராசு, வெறுங்கையோட. மாமன் தன் சீரத் தானே தூக்கக் கூடாதுன்னு பாக்கியம்மா சொல்லிருச்சு. கையில ஒரு பாரம் இருந்திருந்தாலாச்சும் கோவம் கொஞ்சம் அமுங்கியிருக்கும்.

காத்து பின்னாடி இருந்து அடிச்சுச்சு. சும்மா இல்ல, முதுகுல ரெண்டு கையும் வெச்சுத் தள்ளுற மாதிரி. மழ மேல இருந்து விழுகல, படுத்துக்கிட்டே வந்துச்சு. தவசி கொண்டுவந்த குடை மொத வளைவுலயே மல்லாந்து, ரெண்டாவது வளைவுல கம்பி மட்டும் கையில நின்னுச்சு. காத்தே வேகமாப் போ, வேகமாப் போன்னு தள்ளுது. முன்னால அய்யாக்கண்ணு, ஒரு காலத் தூக்கி வெச்சு, அது நின்னுச்சான்னு விசாரிச்சு, அப்புறம் அடுத்த காலத் தூக்குறான்.

"இருக்கியா?"

"இருக்கேன்"ன்னான் மொக்கராசு. பல்லக் கடிச்சுக்கிட்டே சொன்னதுல பாதி வார்த்த உள்ளயே நின்னுருச்சு.

தவசி திரும்பிப் பாத்தான். "என்ன மொக்கண்ணே, முன்னால போற வண்டி பஸ்ட் கியர்லயே கெடக்கு?"

"நீ வாய மூடிட்டு நட."

"பின்னாடி ஒலி எழுப்பவும்னு எழுதியிருக்கும், பாருங்க. அடிச்சா வழி விட்டாலும் விடுவாப்ள."

"தவசி, நான் இப்ப இருக்குற இதுக்கு உன்னையத் தூக்கி ஓடையில போட்டுருவேன்."

"போடுங்க. நனையுறதுக்கு என்கிட்ட இனி என்ன இருக்கு?"

பாக்கியம்மா முன்னாலருந்து சத்தம் போட்டுச்சு. "தம்பி, நல்ல காரியத்துக்குப் போறப்ப நாக்க அடக்கு."

மொக்கராசு அடக்குனான். 

அடுத்த வளைவுல அய்யாக்கண்ணு நின்னுட்டான். எல்லாரும் நின்னாங்க.

"என்னவாம்?"ன்னு பின்னாடி இருந்து மொக்கராசு.

"அட்டை"ன்னான் அய்யாக்கண்ணு. "காலப் புடிச்சிருச்சு."

"பிச்சு எறிடா."

"பிச்சா வாயி உள்ளயே தங்கிருமாம். உப்பு இருக்கா பாக்கியம்மா?"

பாக்கியம்மா முந்திமுடிச்ச அவுத்துச்சு. அதுல ஈரத்துல கரைஞ்ச உப்பு. அய்யாக்கண்ணு தார எறக்கி வெச்சான், உக்காந்தான், உப்பத் தடவுனான், அட்டை தானா விழுகுற வரைக்கும் அதையே பாத்துக்கிட்டு இருந்தான். விழுந்ததை ஒரு எலையில எடுத்து ஓரமா வெச்சான்.

"பெத்து வளத்த புள்ளைய வழியனுப்புற மாதிரி வெக்கிறான் பாரு"ன்னான் மொக்கராசு. "என் ரத்தம் கொதிக்கிது, இவன் அட்டைக்கு விருந்து வெக்கிறான்."

"கொஞ்சம் இரு மொக்கராசு. இந்தா, எந்திரிச்சுட்டேன்."

எந்திரிச்சுட்டேன்னு சொன்னானே ஒழிய எந்திரிக்கல. அக்காவும் தவசியும் ஆளுக்கொரு கையப் புடிச்சுத் தூக்க வேண்டியிருந்துச்சு.

மேகம் எறங்கிருச்சு. வெள்ளையா, கொழகொழன்னு, கைய நீட்டுனா விரலு தெரியாத மேகம். பொழுது எங்க நிக்கிதுன்னே புரியல. உச்சிக்கு எம்புட்டு நேரம் இருக்குன்னு யாரைக் கேக்க? மொக்கராசு மனசுக்குள்ள காசிமாயன் குளிச்சு, பட்டுவேட்டி கட்டி, மடியத் தட்டிவிட்டு உக்காந்தான். பாப்பாவ அவன் ஒரு தடவகூடப் பாத்ததில்ல. இலைய எறிஞ்ச அன்னைக்குத் தங்கச்சி மாசமா இருந்தா. பாப்பா மூஞ்சி எப்படி இருக்கும்னு நெனச்சுப் பாத்தான், வரல. காசிமாயன் மூஞ்சிதான் வந்துச்சு. சிரிச்சுக்கிட்டு.

அவன் தவசியத் தாண்டி அக்காகிட்டப் போனான்.

"அக்கா, அய்யாக்கண்ணுவ நடுவுல விடுங்க. நான் முன்னால போறேன்."

"எதுக்கு?"

"வேகமாப் போகலாம்."

"யாரு?"

"எல்லாருந்தான்."

"அய்யாக்கண்ணுமா?"

மொக்கராசு பழையபடி கடைசிக்கு வந்தான். வர்ற வழியில ஒரு கல்ல ஓங்கி ஒரு எத்து எத்துனான். கல்லுக்கு ஒன்னும் ஆகல.

"இருக்கியா?"

"இருக்கேன், இருக்கேன், எங்கடா போயிருவேன்?"

மறுபடி நின்னாங்க. இந்தத் தடவ முட்டிக்குத் துணி கட்டணுமாம். பாக்கியம்மா கூடைய எறக்கி, தன் பழைய துண்டக் கிழிச்சுக் குடுத்துச்சு. கட்டி முடிச்சா, தாரச் சுத்துன சாக்கு காத்துல அவுந்துருச்சு. அதைக் கட்டுனாங்க. தவசி கயித்தப் புடிச்சுக்கிட்டு, "மாமன் சீரு ரொம்ப ஜோரு"ன்னு மைக்ல சொல்ற மாதிரி சொன்னான். அய்யாக்கண்ணு சிரிச்சான். அக்காவும் சிரிச்சுச்சு.

அந்தச் சிரிப்புதான் மொக்கராசுக்குள்ள ஏதோ ஒன்னப் படார்னு அத்துவிட்டுச்சு. இங்க ஒருத்தன் மாமன்ங்கிற பேரே போகப்போகுதுன்னு துடிச்சுக்கிட்டு இருக்கான். இவங்களுக்குச் சிரிப்பு.

பக்கத்துல ஒரு ஓடை மேலருந்து செங்குத்தா எறங்கிச்சு. ஆடு மேய்க்கிறவங்க ஏறுற வழி. பாதை வளைஞ்சு வளைஞ்சு போற தூரத்தை அது ஒரே மூச்சுல வெட்டிரும். மொக்கராசு ஒரு வார்த்த பேசல. பாறையப் புடிச்சு ஏறுனான். ரெண்டு எட்டுல மேகம் அவன மூடிருச்சு.

ஏற ஏற ஒடம்புக்கு ஒரு சொகம். மூணு வருசமாக் கெடைக்காத சொகம். முன்னால ஒருத்தனும் இல்ல. ரோடு பூரா அவனோடது. கையில சிராய்ப்பு, கால்ல முள்ளு, ஒன்னும் ஒறைக்கல. கீழ எங்கயோ "இருக்கியா"ன்னு கேட்டுச்சு. கேக்கட்டும். தொண்ட வலிக்கட்டும். கூட்டத்தக் கூட்டிட்டு வான்னு எவன் அழுதான்? மறுபடி கேட்டுச்சு. இவன் வாயத் தொறக்கல. அந்த ஒத்த வார்த்தைய அவனுகளுக்குக் குடுக்கக் கூடாதுன்னு ஒரு வீம்பு.

கணவாய்ல போயி நின்னான். அங்கிட்டு மழ இல்ல. மலை மறைச்சுருச்சு. காத்து மட்டும் பொத்துக்கிட்டுப் போச்சு. கீழ வயக்காடு, தென்னந்தோப்பு, ஒரு பெரிய புளியமரம், மரத்தடியில செவப்பும் மஞ்சளுமா ஆளுக. ரேடியோக் கொழாய்ல பாட்டுப் போட்டிருந்தாங்க. கோயிலேதான். பொழுதும் இன்னும் உச்சிக்கு வரல. எறக்கந்தான், ஓடுனா தாராளமாப் போயிரலாம்.

"இருக்கியா?"

பின்னாடி இருந்து காத்து அதைத் தூக்கிட்டு வந்துச்சு. மொக்கராசு காலெடுத்து வெக்கப் போனவன் நின்னான்.

சத்தம் கிட்ட வந்திருக்கணும். தள்ளிப் போயிருந்துச்சு.

"மொக்கராசு, இருக்கியா?"

இன்னும் கீழ. அவனுக வரல. திரும்பி எறங்குறானுக. அந்த ஓடைப் பள்ளத்துல தேடுறானுக.

"டேய், நான் மேல இருக்கேன்டா"ன்னு கத்துனான். காத்து அந்தச் சத்தத்தை வாயிலருந்து புடுங்கி அங்கிட்டு வீசிருச்சு. கைய வாயில குவிச்சுக் கத்துனான். அவனுக்கே கேக்கல.

கோயிலைப் பாத்தான். கொழாய்ல பாட்டு நின்னு, யார் பேரையோ சொல்லிக் கூப்பிட்டாங்க. பின்னாடி மறுபடியும் "இருக்கியா." அய்யாக்கண்ணு குரலுதான். கம்மிப் போயிருந்துச்சு.

மொக்கராசு தெரிஞ்ச கெட்ட வார்த்தை அம்புட்டையும் சொன்னான். லாரி ஓட்டுனவன், அவனுக்குத் தெரிஞ்சது கொஞ்சநஞ்சம் இல்ல. எல்லாத்தையும் சொல்லிக்கிட்டே திரும்பி எறங்குனான். இப்ப மழ மூஞ்சியில அடிச்சுச்சு.

அவங்க ஓடைக்கரையில இருந்தாங்க. கூடையும் தாரும் ஒரு பாறை மேல கெடந்துச்சு. தவசி முழங்கை வரைக்கும் சேறா, பள்ளத்துல பொதருக்குள்ள கைய விட்டுத் துழாவிக்கிட்டு இருந்தான். அக்கா இடுப்பளவு தண்ணியில நின்னுச்சு. பாக்கியம்மா கரையில சாமி பேரா முணங்கிக்கிட்டு இருந்துச்சு. அய்யாக்கண்ணு பாதிப் பள்ளத்துல ஒரு கொடியப் புடிச்சுக்கிட்டுத் தொங்குனான். அவன் வேட்டியில முட்டிக்கு நேரா ரத்தம்.

"எவன்டா உங்களத் திரும்பச் சொன்னது?"ன்னு கத்துனான் மொக்கராசு.

அய்யாக்கண்ணு நிமிந்து பாத்தான். அவன் மூஞ்சியில அப்படி ஒரு சந்தோசம். அது மொக்கராசுக்கு இன்னும் எரிச்சலாப் போச்சு.

"நீ பதில் சொல்லல"ன்னான் அய்யாக்கண்ணு.

"மேல போயிட்டேன்டா. கணவாய்ல போயி நின்னேன். கோயிலே தெரிஞ்சுச்சு."

"நீ பதில் சொல்லலய்யா"ன்னான் மறுபடியும். அவன்கிட்ட அதுக்கு மேல ஒன்னும் இல்ல.

தவசி கரையேறி, சேத்துக் கையத் தொங்கப் போட்டு நின்னான்.  

மொக்கராசு அக்கா பக்கம் திரும்புனான். "எல்லாம் உங்களாலதான்க்கா. நான் தனியா ஓடுறேன்னு நேத்தே சொன்னேன். நீங்கதான் கூட்டத்தக் கட்டி என் காலக் கட்டிப் போட்டீங்க. இந்நேரம் அங்க போயிருப்பேன். அங்க மொட்ட போட ஆரம்பிச்சிருப்பாய்ங்க. காசிமாயன் சம்மணம் போட்டு உக்காந்திருப்பான். உங்க ஒழுங்கு என் குடியக் கெடுத்துருச்சு."

அக்கா தண்ணிய விட்டு ஏறி, சேலையப் புழிஞ்சுச்சு.

"போயிருக்கலாமே"ன்னுச்சு.

"எப்படிப் போறது? நல்ல காலு உள்ளவன் கடைசின்னு நீங்கதான..."

"'நான் முன்னாடி போறேன்'னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா தவசி கடைசியில வந்திருப்பான். நாங்க நடந்துக்கிட்டே இருந்திருப்போம்."

மொக்கராசு கணவாய்ப் பக்கம் அண்ணாந்து பாத்தான். 

"இப்பவும் போ"ன்னுச்சு அக்கா. "உன் காலுக்கு இன்னும் நேரம் இருக்கு. சீரு பின்னாடி வரும்."

"போறேன். போகத்தான் போறேன்."

போனான். அவன் பின்னாடி மத்தவங்க வரிசை கட்டுறது கேட்டுச்சு. கூடையத் தூக்குனாங்க. தவசியும் அக்காவும் சேந்து அய்யாக்கண்ணுவ நிமித்தி, தாரத் தலையில ஏத்துனாங்க. நாலு எட்டு நடந்திருப்பாங்க.

"இருக்கியா?"ன்னு கேட்டான் அய்யாக்கண்ணு. கேட்டுட்டு, யாரைக் கேட்டோம்னு அவனுக்கே வெளங்கல போல, நின்னுட்டான்.

"இருக்கேன்"ன்னு தவசி குரல் வந்துச்சு, சின்னதா.

மொக்கராசு திரும்பிப் பாத்தான். அய்யாக்கண்ணு அடுத்த எட்டு வெச்சான். முட்டி மடங்கிருச்சு. தாரு ஆடுச்சு. அவன் தாரப் புடிச்சான், தன்னப் புடிக்கல. பாறையில சாஞ்சு நின்னு, ஒன்னும் இல்லைன்னு கையாட்டுனான்.

"சனியனே"ன்னான் மொக்கராசு. யாரைச் சொன்னான்னு தெரியல. விறுவிறுன்னு எறங்கி வந்தான். "குடுடா இங்க."

"மாமன் சீர் தூக்கக் கூடாது தம்பி"ன்னுச்சு பாக்கியம்மா.

"மாமனே இல்லாமப் போகப் போறான். சீராம் சீரு."

தாரப் புடுங்கித் தன் தலையில வெச்சான். தவசியத் தள்ளிட்டுக் கடைசியில போயி நின்னான். "நட. நின்னு என் மூஞ்சியப் பாக்காத. நட."

அதுக்கப்புறம் வளைவுக்கு வளைவு அய்யாக்கண்ணு கேட்டான். வளைவுக்கு வளைவு மொக்கராசு சொன்னான். ஒவ்வொரு தடவையும் வசவு மாதிரிதான் சொன்னான். அய்யாக்கண்ணு ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தான். காலையில நடந்த வேகத்துல பாதிகூட இல்ல. ஒரு எடத்துல தவசி மெதுவா, "அண்ணே, நான் வேணா தார வாங்கிக்கிறேன், நீங்க ஓடுங்க"ன்னான். மொக்கராசு மொறைச்ச மொறைப்புல தவசி முன்னால பாத்து நடந்தான்.

கணவாயைத் தாண்டுனப்ப பொழுது உச்சிய விட்டுச் சாஞ்சிருந்துச்சு.

எறங்கிப் போறப்பவே கொட்டுச் சத்தம் கேட்டுச்சு. புளியமரத்தடியில கூட்டம் வளைஞ்சு நின்னுச்சு. அஞ்சு பேரும் சேறும் சகதியுமா, காலுக்குக் காலு ரத்தக் கோடா, பொதருலருந்து எந்திரிச்சு வந்த பன்னிக்கூட்டம் மாதிரி போயி நின்னாங்க. கூட்டம் வெலகுச்சு.

நடுவுல ஜமக்காளம். அதுல காசிமாயன், பட்டுவேட்டி கட்டி, கழுத்துல சங்கிலியோட. அவன் மடியில பாப்பா. மொட்டத் தலையில சந்தனம் பூசியிருந்துச்சு. வீறிட்டு அழுதுச்சு. எதுக்க ஆசாரி குனிஞ்சு உக்காந்திருந்தாரு. பாப்பாவோட வலது காதுல தோடு ஏறியிருந்துச்சு. கீழ ஒரு பொட்டு ரத்தம்.

பஞ்சவர்ணம் அண்ணனப் பாத்தா. வாயில முந்தானைய வெச்சு அமுக்கிக்கிட்டா.

குபேந்திரன் துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு முன்னால வந்தாரு. "வாங்க தொர. அப்பளம் பொரிச்சதும் ஆளனுப்பலாம்னு இருந்தோம். அதுக்குள்ள வந்துட்டீங்க."

கூட்டம் சிரிச்சுச்சு. காசிமாயனும் சிரிச்சான், அதே சிரிப்பு.

மொக்கராசு தாரத் தரையில வெச்சான். வெச்சான்னு சொல்ல முடியாது, போட்டான். கை ரெண்டும் தானா மூடிக்கிச்சு. காது, கழுத்து, நெஞ்சு எல்லாம் செவந்து போச்சு. அய்யாக்கண்ணு பின்னாடி இருந்து அவன் சட்டையப் புடிச்சான். மொக்கராசு அதை உதறிட்டு அக்கா பக்கம் திரும்புனான். 

"பாத்தீங்களாக்கா? குத்திட்டாய்ங்க. மழையில மலையே தாண்டி வர்றேன், எனக்காகக் கொஞ்ச நேரம் நிக்க முடியல இவங்களுக்கு. சிரிக்கிறாய்ங்க வேற. நீங்க கடைசியில நடன்னீங்க, நடந்தேன். இப்ப வர்ற கோவத்த நான் எங்க கொண்டுபோயி வைக்க? சொல்லுங்கக்கா. இவனுகள இப்ப நான் என்ன செய்யட்டும்?"

மரகதக்கா நெஞ்சோட கட்டியிருந்த துணிய அவுத்து, பச்சப் பாவாடைய வெளிய எடுத்துச்சு. ஒரு ஓரந்தான் நனைஞ்சிருந்துச்சு. அதைத் தட்டி மடிச்சுக்கிட்டே பாப்பாவையே பாத்துச்சு.

"ஒரு காதுதான் ஆயிருக்கு மொக்கராசு"ன்னுச்சு. "இன்னொரு காதுத் தோட்டைக் கையில வெச்சுக்கிட்டு ஆசாரி உக்காந்திருக்காரு."